சிர்க்கான் எண்கள் தடம் மாறும்போது: கிரானைட்டில் வெள்ளீயம் தேடுவோருக்கு

மலேசியாவின் பேராவில் ஒரு கிரானைட் மலையைக் காட்டி "இதுல ஈயம் இருக்குமா?" என்று கேட்பது தாத்தா காலத்துப் பழக்கம்; இங்கே பேச்சில் ஈயம் என்றால் வெள்ளீயம்தான். இப்போது அதற்கான பதில் எக்செல் தாளில் வருகிறது. கல்லை உடைத்து, அதிலிருந்து சிர்க்கான் என்ற சிர்க்கோனியக் கனிமத்தின் மணிகளைப் பொறுக்கி, லேசரால் சுட்டு, தனிமங்களின் அளவைக் காட்டும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஓட்டி, வரிசை வரிசையாக எண்களை அனுப்பிவிடுகிறார்கள். சுங்கை சிப்புட்டில் என்னிடம் அந்தத் தாளோடு வருகிறவர்களில் பாதிப் பேர் நிலவியல் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் செம்பனைக்குப் பின்னால் ஒரு மேட்டு நிலத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள். படித்தவர் "அண்ணே, யூரோப்பியம் சரியா வரலை" என்பார். நிலக்காரர் "தம்பி, சுத்தி வளைக்காம சொல்லு, இருக்கா இல்லையா?" என்பார். இரண்டும் ஒரே கேள்விதான்.

எண்கள் கோணலாக வந்தால் எல்லோரும் முதலில் கருவியைத்தான் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் கருவி மேல் குற்றம் இருப்பது அபூர்வம். கதிர் மணியில் எங்கே விழுந்தது, விழுந்த பிறகு யார் எந்த எண்ணைக் கழித்துக்கட்டினார்கள் என்பதில்தான் கோளாறு இருக்கும். கீழே உள்ளது அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழிமுறை. உங்கள் தாளில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

சிர்க்கான் ஏன், அதில் என்ன வரவேண்டும்

மறுநடவுக்காக மேட்டை வெட்டிய எந்தத் தோட்டத்திலும் போய்ப் பாருங்கள். கிரானைட் என்று வரைபடம் சொல்லும் இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் களிமண்தான் நிற்கும். நம் ஊர் மழையில் ஃபெல்ட்ஸ்பார் கரைந்து கயோலின் ஆகிவிடுகிறது. ருபீடியம், ஸ்ட்ரான்ஷியம் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். முழுக்கல்லை அரைத்து ருபீடியம்–ஸ்ட்ரான்ஷியம் விகிதம் பார்க்கிற பழைய முறை அங்கே பலிக்காது. சிர்க்கான் மட்டும் அந்தக் களிமண்ணுக்குள்ளும் பிறந்த மேனிக்கு இருக்கும். அதனால்தான் இந்த ஊருக்கு இந்த முறை பொருந்துகிறது.

வெள்ளீயக் கிரானைட் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் குறைந்த கற்குழம்பில் வெள்ளீயம் இரண்டு மின்னேற்றத்தோடு இருக்கிறது. அந்த நிலையில் அதை எந்தக் கனிமமும் எளிதில் சேர்த்துக்கொள்ளாது. குழம்பு உறைய உறைய, மிஞ்சும் திரவத்தில் அது சேர்ந்துகொண்டே போகும். ஆக்சிஜன் மிகுந்த குழம்பில் அது நான்கு மின்னேற்றத்தோடு டைட்டானியத்தின் சாயலில் இருப்பதால், டைட்டனைட், மேக்னடைட் என்ற கனிமங்களில் ஏறி மலை முழுக்கச் சிதறிவிடும். ஜப்பானிய நிலவியலாளர் இஷிஹாரா 1977-இல் கிரானைட்டுகளை மேக்னடைட் வரிசை (ஆக்சிஜன் மிகுந்தது), இல்மனைட் வரிசை (ஆக்சிஜன் குறைந்தது) என்று இரண்டாகப் பிரித்ததன் பின்னணி இதுதான். நம் தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் பெரும்பாலும் இல்மனைட் வரிசை. வயது ஏறக்குறைய 20 முதல் 23 கோடி ஆண்டு.

ஆக, இரண்டு விஷயம் தெரியவேண்டும்: குழம்பு எவ்வளவு தூரம் உறைந்து பிரிந்தது, அதில் ஆக்சிஜன் எவ்வளவு. யூரோப்பியம் என்ற அருமண் தனிமம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. உறையும் ஃபெல்ட்ஸ்பார் யூரோப்பியத்தை வாங்கிக்கொண்டு போவதால் மிச்சக் குழம்பில் அது குறையும். ஆக்சிஜன் குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாகக் குறையும். அந்தக் குறைவு சிர்க்கானில் அப்படியே பதிந்துவிடுகிறது. மியான்மாரின் செம்பு, வெள்ளீயப் பட்டைகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வு, வெள்ளீயம் தரக்கூடிய குழம்பின் சிர்க்கானில் யூரோப்பிய விகிதம் (பக்கத்துத் தனிமங்களை வைத்து எதிர்பார்க்கும் அளவில் உண்மையில் இருக்கும் பங்கு) 0.08 அல்லது அதற்கும் கீழே இருக்கிறது என்றது. நம் மலையும் அதே தென்கிழக்கு ஆசிய வெள்ளீயப் பட்டையைச் சேர்ந்தது என்பதால் நான் அந்த எண்ணையே முதல் கோடாக வைத்துக்கொள்கிறேன். கோடு என்றால் வேலி இல்லை. 0.09 வந்தால் மலையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கூடவே ஹாஃப்னியம் ஏறவேண்டும். சாதாரண கிரானைட் சிர்க்கானில் அது எடையில் 1 சதவீதம் அளவில் இருக்கும். அப்போது சிர்க்கோனியம்–ஹாஃப்னியம் விகிதம் 50 பக்கம் வரும். நன்றாகப் பிரிந்த குழம்பில் ஹாஃப்னியம் 2 சதவீதத்தைத் தொட்டால் விகிதம் 25-க்கு இறங்கிவிடும். டைட்டானியம் இறங்கவேண்டும், ஏனென்றால் குழம்பு குளிர்ந்துகொண்டு வருகிறது. பக்கத்துத் தனிமங்களைவிடச் சீரியம் உயர்ந்து நிற்கும் முகடு தட்டையாக இருக்கவேண்டும், ஏனென்றால் ஆக்சிஜன் குறைவு. மணியின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும்போது இந்த மாற்றங்கள் ஒரே திசையில் போனால் நிம்மதி. போகாவிட்டால்தான் கீழே உள்ளவை.

அறிகுறி: யூரோப்பிய விகிதம் எதிர்பார்த்ததைவிட மேலே நிற்கிறது

டூர்மலினும் வெள்ளை மைக்காவும் பளபளக்கும் கல். பக்கத்து ஓடையில் வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட் கிடைக்கிறது. ஆனால் தாளில் நடுமதிப்பு 0.12, 0.15 என்று வருகிறது. நான் அதிகம் பார்க்கும் புகார் இதுதான்.

முதலில் தாளில் எத்தனை கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். யூரோப்பியம் இருக்கவேண்டிய இடத்தில் "எல்லைக்குக் கீழ்" என்றோ ஒரு சின்னக் கோடோ இருக்கும். சிர்க்கானில் யூரோப்பியம் இயல்பிலேயே மிகக் குறைவு. வெள்ளீயக் கிரானைட்டில் அது 0.1, 0.05 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) என்று இறங்கிவிடும். லேசர் போடும் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலக் குழியில் பல கருவிகளுக்கு அதுதான் கண்டறியும் கீழ் எல்லை. அந்தப் புள்ளிகளை "தரவு இல்லை" என்று அட்டவணையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எடுத்துவிட்டது எதை? வெள்ளீயத்துக்கு மிக நெருக்கமான மணிகளை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 30 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 12 புள்ளியில் யூரோப்பியம் எல்லைக்குக் கீழே. அவற்றை நீக்கினால் மீதி 18-இன் நடுமதிப்பு என்பது அந்த 18-இல் 9-ஆவதற்கும் 10-ஆவதற்கும் நடுவில். 12-ஐயும் வரிசையின் அடியில் சேர்த்தால் 30-இன் நடுமதிப்பு 15-ஆவதற்கும் 16-ஆவதற்கும் நடுவில் வரும். அதாவது பழைய 18-இல் கீழிருந்து 3-ஆவதும் 4-ஆவதும். முன்பு 0.12 என்று படித்த மலை இப்போது 0.06 ஆகலாம். ஒரு மணியையும் புதிதாகச் சுடவில்லை, கழித்ததைத் திருப்பிச் சேர்த்தோம், அவ்வளவுதான்.

அந்த 12-க்கு என்ன எண் போடுவது? பூஜ்யமும் வேண்டாம், எல்லையில் பாதி என்ற குருட்டு வழியும் வேண்டாம். அந்தப் புள்ளியின் கண்டறியும் எல்லையையே யூரோப்பியத்தின் அளவாக வைத்து விகிதத்தைக் கணக்கிட்டு, "இதற்குக் கீழ்" என்று குறியிடுங்கள். சமாரியமும் கடோலினியமும் மிகக் குறைந்த மணியில் இந்த மேல்வரம்பு 0.2 என்றுகூட வரும். அந்த மணி எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம், அதை விட்டுவிடலாம். 0.04-க்குக் கீழ் என்று வந்தால் அது முழுச் சாட்சி. நடுமதிப்பு எடுப்பதற்கு அது போதும். சராசரி எடுக்காதீர்கள்.

அடுத்த முறை சுடும்போது குழியை அகலமாக்கச் சொல்லுங்கள். 30 மைக்ரானுக்குப் பதில் 50 மைக்ரான் என்றால் ஏறக்குறைய 2.8 மடங்கு பொருள் கிடைக்கும். யூரோப்பியம் 153-க்குக் கருவி நிற்கும் நேரத்தையும் கூட்டச் சொல்லுங்கள். நம் ஊர் மணிகளில் சில ஒல்லியாக, ஊசி மாதிரி இருக்கும். அவற்றில் 50 மைக்ரான் குழி விளிம்பைத் தாண்டிவிடும், மணியைப் பதித்த கோந்தையும் சேர்த்துச் சுட்டுவிடும். அங்கே அகலத்தை விட்டு நேரத்தை மட்டும் கூட்டுங்கள்.

காலிக் கட்டம் எதுவும் இல்லை, இருந்தும் எண் மேலே என்றால் சூத்திரத்தைத் திறந்து பாருங்கள். யூரோப்பியத்தை விண்கல் அளவால் (விண்கல்லில் அந்தத் தனிமம் இருக்கும் அளவால்) வகுத்து, அதை அதேபோல் வகுத்த சமாரியம், கடோலினியம் இரண்டின் பெருக்குச் சராசரியால் வகுக்க வேண்டும். அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம். ஒரு மணியில் சமாரியம் 4, யூரோப்பியம் 0.20, கடோலினியம் 22 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்கல் அளவு முறையே 0.148, 0.0563, 0.199. வகுத்தால் 27, 3.55, 110.6. பெருக்குச் சராசரி 54.7, ஆக விகிதம் 0.065. சிலர் கூட்டிப் பாதியாக்கிவிடுகிறார்கள். அப்போது வகுக்கும் எண் 68.8 ஆகி விகிதம் 0.052-க்கு இறங்கும். இந்தத் தவறு எண்ணைக் கீழே இழுக்கிறது, மேலே தள்ளுவதில்லை. அதனால்தான் யாரும் புகார் சொல்வதில்லை. ஆனால் 0.095 உள்ள சாதாரண மணியை அது 0.076 ஆக்கி 0.08 கோட்டைத் தாண்டவைத்துவிடும். நல்ல செய்தி வந்தாலும் சூத்திரத்தைப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, சிஎல் படத்தில் (எலக்ட்ரான் கதிர் பட்டு மணி ஒளிரும் படம்) மணியும் சுத்தமாக இருந்து, அப்போதும் 0.2, 0.3 என்று நின்றால் மலை உண்மையைச் சொல்கிறது. அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: லாந்தனம் எகிறுகிறது, சீரிய முகடு காணவில்லை

இதில்தான் ஆட்கள் சந்தோஷமாக ஏமாறுகிறார்கள். சீரிய விகிதம், அதாவது லாந்தனம், பிரசியோடைமியம் இரண்டையும் வைத்து எதிர்பார்ப்பதைப்போல் சீரியம் எத்தனை மடங்கு என்பது, 3, 4 என்று வருகிறது. "ஆக்சிஜன் குறைவு, வெள்ளீயக் குழம்பு, பார்த்தீங்களா" என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். பக்கத்துக் கட்டத்தில் லாந்தனம் 1 பிபிஎம்முக்கு மேல் இருப்பதைப் பார்க்கமாட்டார்கள்.

சுத்தமான சிர்க்கானில் லாந்தனம் 0.1 பிபிஎம்கூட இருக்காது. அந்த அணு அங்கே நுழையப் பெரியது. ஆகவே லாந்தனம் தெரிந்தால் கதிர் வேறு எதையோ சேர்த்து எரித்திருக்கிறது. நம் கிரானைட்டில் அந்த வேறு ஏதோ பெரும்பாலும் மோனசைட் அல்லது அபடைட் என்ற பாஸ்பேட் கனிமம். மோனசைட்டில் லாந்தனம் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல். ஒரு குழியில் இலட்சத்தில் ஒரு பங்கு மோனசைட் கலந்தாலே 1 பிபிஎம் ஏறிவிடும்.

அது சீரிய விகிதத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். சுத்தமான மணியில் லாந்தனம் 0.02, சீரியம் 5, பிரசியோடைமியம் 0.05 பிபிஎம் என்றால் சீரிய விகிதம் சுமார் 38. அதே மணியில் இலட்சத்தில் ஒரு பங்கு மோனசைட் கலக்கட்டும். லாந்தனம் 1.12, சீரியம் 7.4, பிரசியோடைமியம் 0.31 என்று ஆகும். விகிதம் 3-க்கு விழுந்துவிடும். ஆக்சிஜன் மாறவில்லை, தூசி போன்ற ஒரு துகள் குறுக்கே வந்தது. முந்தைய அறிகுறியில் காலிக் கட்டங்களை நீக்கிய தவறு வெள்ளீயத்தை மறைத்தது. இந்தத் தவறு இல்லாத வெள்ளீயத்தைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே தாளில் இருந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். படிப்பவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்.

இதைப் பிடிக்க எக்செல் போதாது. ஆய்வகத்திடம் நேரவாரியான சமிக்ஞைக் கோப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் லேசர் சுட்ட அரை நிமிடத்தில் எந்தத் தனிமம் எப்போது ஏறியது என்ற கோடுகள் அதில் இருக்கும். சிர்க்கோனியக் கோடு மட்டமாகப் போக, நடுவில் லாந்தனமும் பாஸ்பரசும் ஒன்றாகக் குத்தி எழுந்தால் அது மோனசைட் அல்லது அபடைட். கால்சியமும் கூட எழுந்தால் அபடைட். தோரியம் கூட எழுந்தால் மோனசைட். அந்தக் குத்தை வெட்டிவிட்டு மிச்ச நேரத்தில் மட்டும் கணக்கிட்டால் மணி பிழைத்துக்கொள்ளும். குத்து இல்லாமல் லாந்தனம் ஆரம்பம் முதல் முடிவு வரை உயரமாகவே இருந்தால் வெட்ட இடம் இல்லை.

என்னிடம் வந்த ஒரு தாளுக்கு அந்தக் கோப்பைக் கேட்டபோது, "அதெல்லாம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறதில்லை" என்று ஆய்வகத்தில் பதில் சொன்னார்கள். கொடுக்காத இடத்தில் காசைக் கொட்டாதீர்கள். சுடுவதற்கு முன்பே, எழுத்தில், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜனை வேறு வழியில் பார்க்கவும் செய்யலாம். 2020-இல் வந்த ஒரு சூத்திரம் லாந்தனத்தையும் பிரசியோடைமியத்தையும் தொடுவதே இல்லை. சீரியம், யுரேனியம், டைட்டானியம் மூன்றும் போதும். யுரேனியத்தை மணி பிறந்தபோது இருந்த அளவுக்குத் திருத்தவேண்டும். நம் 21 கோடி ஆண்டு மணிக்கு அது 3 சதவீதத் திருத்தம்தான், மறந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சிர்க்கானுக்கு முன்பே மோனசைட் உறைந்து சீரியத்தை வாரிக்கொண்டு போன குழம்பில் இந்த எண்ணும் வேண்டியதைவிடக் கீழே வரக்கூடும். கையில் ஒரு காந்தம் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். கல்லைப் பொடியாக்கிக் காந்தத்தைக் காட்டினால் ஒட்ட எதுவும் இல்லையென்றால் இல்மனைட் வரிசை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஆனால் புதுக்கல்லாக இருக்கவேண்டும். சிவப்பேறிய களிமண்ணில் மேக்னடைட் துருவேறிப் போயிருக்கும்.

அறிகுறி: மணி கறுப்பு, சிஎல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை

வெள்ளீயக் கிரானைட்டின் சிர்க்கானில் யுரேனியம் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருப்பது சகஜம். இருபது கோடி ஆண்டு உள்ளுக்குள் கதிர்வீச்சு அடித்து மணியின் படிக அமைப்பு உடைந்திருக்கும். பழுப்பு நிறம், வெடிப்பு, சிஎல் படத்தில் இருட்டு. அந்த வெடிப்புகள் வழியாக நீர் புகுந்து கால்சியம், இரும்பு, அலுமினியம், இலகு அருமண் தனிமங்கள் எல்லாம் குடியேறிவிடும்.

சோதனை எளிது. டிஸ்ப்ரோசியத்தை நியோடைமியத்தாலும் சமாரியத்தாலும் தனித்தனியே வகுத்து இரண்டையும் கூட்டுங்கள். 30-க்குக் கீழே வந்தால் அந்த மணி மாசுபட்டது என்று ஒதுக்குங்கள். ஒதுக்குவது என்றால் தனித் தாளில் வைப்பது. கிரைசன் (சூடான நீரால் மாறிய கிரானைட்) நரம்பின் ஓரத்தில் எடுத்த கல்லில் இப்படி மணிகள் கூட்டமாக வந்தால், சூடான நீர் அந்த இடத்தில் ஓடியிருக்கிறது என்பதற்கு அதுவே ஆதாரம். குழம்பின் கணக்கிலிருந்து நீக்குங்கள், மலையின் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரே கல்லில் இரண்டு குடும்பம்

பாதி மணி 0.05, பாதி மணி 0.3. நடுவில் ஒன்றும் இல்லை. யுரேனியம்–காரீய வயதை, அதாவது யுரேனியம் எவ்வளவு காரீயமாக மாறியது என்பதை வைத்துக் கணக்கிடும் வயதைப் பாருங்கள். 21 கோடிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டமும், 50 கோடி, 100 கோடி, அதற்கும் மேலே சில மணிகளும் இருந்தால், பின்னவை கற்குழம்பு உருகி வந்த பழைய பாறையின் மிச்சம். நம் மலைத்தொடரில் இது நிறைய. குழம்பு அதிகம் சூடாக இல்லாததால் பழைய மணிகள் கரையாமல் நடுக்கருவாக நின்றுவிட்டன. அந்தக் கருவின் வேதியியல் நம் கிரானைட்டின் கதை இல்லை.

வயது இல்லாமல் வேதியியலை மட்டும் வாங்கிவந்தால் இந்தக் குழப்பத்தை அவிழ்க்க முடியாது. ஒரே குழியில் இரண்டையும் எடுக்கச் சொல்லலாம், பெரும்பாலான இடத்தில் முடியும்.

வயதும் ஒன்றாக இருந்து இரண்டு குடும்பம் என்றால் கல் உடைத்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். உடைக்கும் இயந்திரத்தையும் சல்லடையையும் முந்தைய மாதிரிக்குப் பிறகு கழுவினார்களா? சிர்க்கான் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுக்குச் சின்ன மணி. சல்லடைக் கண்ணில் பத்து மணி தங்கினால் போதும்.

அறிகுறி: டைட்டானிய வெப்பநிலை 900 டிகிரி

வெள்ளீயக் கிரானைட் 900 டிகிரி செல்சியஸில் உறையாது. டைட்டானியம் 50 பிபிஎம் என்று வந்தால், அதிலிருந்து வெப்பநிலையைக் கணிக்கும் சூத்திரம் 920 டிகிரி பக்கம் சொல்லும். அது இல்மனைட் துகள் அல்லது வெடிப்பில் ஒட்டிய அழுக்கு. சமிக்ஞைக் கோப்பில் இரும்பும் சேர்ந்து குத்தும். ஆய்வகம் டைட்டானியம் 48-ஐ அளந்திருந்தால் இன்னும் மோசம். சிர்க்கோனியம் 96 இரட்டை மின்னேற்றத்தோடு அதே இடத்தில் விழும், சிர்க்கானில் சிர்க்கோனியத்துக்கா பஞ்சம்? 49-ஐ அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், கணக்கில் குழம்பின் டைட்டானியச் செறிவை 1 (ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமம் உறையும் அளவு) என்று வைத்துவிட்டு "650, 680 டிகிரிதான் வருகிறது" என்பார்கள். ரூட்டைல் இல்லாத நம் கிரானைட்டுக்கு 0.6 பக்கம் வைப்பதுதான் பொருத்தம். டைட்டானியம் 5 பிபிஎம் என்றால் முதல் கணக்கில் 685 டிகிரி, இரண்டாவதில் 729. மலையின் முடிவு இதனால் மாறாது. அறிக்கையில் எதை வைத்தோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அறிகுறி: சிர்க்கானிலேயே வெள்ளீயம் தெரிகிறது

பத்து இருபது பிபிஎம் என்று பார்த்ததும் சிலருக்குக் கை நடுங்கும். பொறுங்கள். சிர்க்கானுக்குள் வெள்ளீயம் மிகக் குறைவாகத்தான் ஏறும். அதை வைத்து மலையை எடைபோட முடியாது. அந்த அளவுக்குத் தெரிந்தால் காசிட்டரைட் துகள் உள்ளே இருக்கும், அல்லது மெருகேற்றும் தட்டில் பக்கத்து காசிட்டரைட்டிலிருந்து ஒட்டியிருக்கும். மாதிரியில் காசிட்டரைட் இருக்கிறதா என்று பார்க்க அதைவிட மலிவான வழி உண்டு: சந்தேக மணிகளைத் துத்தநாகத் தகட்டின் மேல் வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் மணி மேல் சாம்பல் நிற உலோகப் பூச்சு பிடித்து, துடைத்தால் மின்னும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

அறிகுறி: எண்கள் எல்லாம் அழகு, மலையில் ஒன்றும் இல்லை

நிலக்காரருக்குப் புரியவைக்கக் கஷ்டமான இடம் இது. சிர்க்கான் சொல்வது குழம்பின் குணத்தை. வெள்ளீயம் ஒரு இடத்தில் குவிவதற்கு அதற்கப்புறமும் நிறைய நடக்கவேண்டும். குழம்பிலிருந்து நீர் பிரியவேண்டும், கூரைப்பாறையில் வெடிப்பு வேண்டும், குவிந்தது அரிப்பில் முழுக்கப் போகாமல் இருக்கவேண்டும். அடுப்பில் அரிசி நன்றாக இருக்கிறது என்பதால் சோறு வெந்துவிட்டது என்று ஆகாது.

பேராவின் கிந்தா பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மியான்மாரிலிருந்து பங்கா, பெலிடுங் தீவுகள் வரை நீளும் தென்கிழக்கு ஆசியப் பட்டைதான் உலகம் அதுவரை எடுத்த வெள்ளீயத்தில் 54 சதவீதத்தைக் கொடுத்தது என்று 1995-இல் ஒரு தொகுப்பாய்வு கணக்குச் சொன்னது. அதில் கிந்தாவின் பங்கு பெரிது. ஆனால் கிந்தாவில் தோண்டியதில் பெரும்பகுதி மலையில் இல்லை, பள்ளத்தில். ஒருபுறம் தித்திவங்சா, மறுபுறம் கிளேடாங், இரண்டுக்கும் நடுவில் கரைந்து குழிவிழுந்த சுண்ணாம்புத் தரை. மலையிலிருந்து அரித்து வந்த கனமான காசிட்டரைட் அந்தக் குழிகளில் தங்கிவிட்டது. இன்றைக்கு நாம் தூண்டில் போடும் ஈயக்குட்டைகள் எல்லாம் அந்தக் குழிகளை அள்ளிய இடம். தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கும் ஐந்தாம் எண் தூர்வாரிக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை அள்ளியது அந்த மண்ணைத்தான். உங்கள் மேட்டு நிலத்தின் சிர்க்கான் 0.04 காட்டினாலும், அடியில் சுண்ணாம்பு இல்லை, ஓடை செங்குத்தாக ஓடுகிறது என்றால் மலை கொடுத்தது கீழே யார் நிலத்துக்கோ போயிருக்கும்.

எதிர்மாறான நிலையும் உண்டு. எண் மட்டம், ஆனால் வெள்ளீயம் இருக்கிறது. தீபகற்பத்தை நெடுக்காகப் பிரிக்கும் பெந்தோங்–ரவுப் கோட்டுக்குக் கிழக்கே கிரானைட் வேறு குணம், பெரும்பாலும் ஐ-வகை (தீப்பாறை உருகி வந்தது) என்பார்கள். அப்படியிருந்தும் பகாங்கின் சுங்கை லெம்பிங்கில் ஆழ்சுரங்கம் 1986 வரை ஓடியது. ஒரு பெரிய கிரானைட் உடலில் கடைசியாக உறைந்த சின்னப் பகுதி மட்டும் வெள்ளீயம் கொடுக்கலாம். பெரிய ஃபெல்ட்ஸ்பார் கட்டி தெரியும் முரட்டுக் கிரானைட்டில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு, அதை வெட்டிப்போகும் வெளிர்நிற நுண்மணிக் கிரானைட்டை விட்டுவிட்டால் எண் மட்டமாகத்தான் வரும். ஒரு மலைக்கு ஒரு கல் என்று அனுப்பாதீர்கள். வெளிர்நிறக் கல்லைக் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள்.

அறிகுறி: ஓடை மணலிலோ அமாங்கிலோ எடுத்த சிர்க்கான் ஒரு கோட்டில் விழவே இல்லை

விழாது. ஓடை மணல் அந்த ஓடைக்குத் தண்ணீர் விடும் அத்தனை சரிவுகளின் கலவை. காசிட்டரைட்டின் அடர்த்தி 7-ஐ ஒட்டியது, சிர்க்கானுடையது 4.7-ஐ ஒட்டியது. துலாங் தட்டில் அலசும்போது காசிட்டரைட் மட்டும் மிஞ்சும்படி கடைசிவரை அலசுகிற கைப்பழக்கம் உள்ளவர்கள் சிர்க்கானைத் தண்ணீரோடு விட்டுவிடுவார்கள். கொஞ்சம் முன்னாலேயே, இல்மனைட் கறுப்பாக நிற்கும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் மணிகளைத் தனித்தனியாகப் படியுங்கள். நடுமதிப்பு இங்கே உதவாது. 0.08-க்குக் கீழே எத்தனை பங்கு மணிகள் என்பதை ஓடைக்கு ஓடை ஒப்பிட்டுக்கொண்டே மேலேறினால், எந்தக் கிளையில் பங்கு ஏறுகிறதோ அங்கே போய்க் கல் உடைக்கலாம். இது மலிவான வழி, எனக்குப் பிடித்த வழியும் இதுதான். ஓடை மணலை அலசவும் மாநில அனுமதி வேண்டும், அதை முதலில் வாங்கிவிடுங்கள்.

அமாங் மூட்டை இதைவிடச் சிக்கல். வெள்ளீயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் அந்தக் கனமணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் எல்லாம் இருக்கும். ஆனால் எந்தச் சுரங்கத்து மண் என்று யாருக்கும் தெரியாது. பல குட்டைகளின் மணல் ஒரே ஆலையில் சேர்ந்திருக்கும். அதில் எடுத்த சிர்க்கானை வைத்து உங்கள் நிலத்தைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அமாங் பதப்படுத்துவது 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்துக்குள் வருகிறது. கையில் ஒரு பிடி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டையாக வீட்டில் இருந்தால் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள், தூசி பறக்காமல் மூடுங்கள், உரிமம் உள்ள இடத்தில் சேர்த்துவிடுங்கள்.